நூல் நிரப்பும் வெளி

ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், ஹவுரா மாவட்டத்துப் பேலூரில், காவி உடுத்திய ஒருவர் பல ஆண்டுகள் கணிதம் சொல்லிக்கொடுத்தார். துறவுப் பெயர் சுவாமி வித்யாநாதானந்தர். கணித உலகுக்கு மகான் மகராஜ். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். பெர்க்லியில் 1997-இல் முனைவர் பட்டம் வாங்கியவர். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் 1998-இல் சிறிது காலம் இருந்துவிட்டு ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். வில்லியம் தர்ஸ்டன் என்ற அமெரிக்கக் கணித மேதை 1982-இல் எழுப்பிய கேள்விகளில் ஒன்று இவரைப் பிடித்துக்கொண்டது. அதற்கு இவர் கண்ட விடை 2014-இல் ‘அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்’ இதழில் வெளியானது. 2011-இல் பட்நாகர் விருதும் 2015-இல் இன்ஃபோசிஸ் பரிசும் அவரைத் தேடி வந்தன. பிறகு மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனார்.

அந்தக் கேள்வியின் வேரைத் தையல் தெரிந்த ஒரு பெண்ணிடம் சொன்னால் அவளுக்கு அது புதிதாக இருக்காது. அகலமே இல்லாத ஒரு கோட்டால் ஒரு பரப்பை முழுவதும் நிரப்ப முடியுமா? முடியும் என்று இத்தாலியரான ஜுசெப்பே பியானோ 1890-இல் காட்டினார். ஒரு சதுரத்தின் எந்தப் புள்ளியையும் விடாமல், எங்கும் அறுபடாமல், ஒரே கோடு தொட்டுச் செல்ல முடியும். தர்ஸ்டனும் ஜேம்ஸ் கேனனும் 1980-களில் கண்டது இதைவிட விந்தையானது. முப்பரிமாண வெளி ஒன்றுக்குள் மடிந்து மடிந்து கிடக்கும் ஒரு பரப்பு. அதன் முடிவிலி விளிம்பு ஒரு வட்டம். அந்த வட்டம் ஒரு கோளம் முழுவதையும் அறுபடாமல் நிரப்பிவிடுகிறது. யாரும் திட்டமிட்டு வரைந்ததல்ல அது. வெளியின் வளைவே அப்படிச் செய்யவைக்கிறது. அவர்கள் எடுத்துக்கொண்ட சிறப்பு நிலைகளுக்கு அப்பாலும் விளிம்பு அறுபடாமல் போய்ச் சேருமா என்பது திறந்தே கிடந்தது. அந்த இனத்துப் பரப்புகள் எல்லாவற்றுக்கும் சேரும் என்று பேலூர்த் துறவி நிறுவினார்.

ஒற்றை நூலால் ஒரு பரப்பை நிரப்புவது வங்கத்துப் பெண்களுக்குப் பழகிய வேலை. அதன் பெயர் காந்தா. உடுத்தி உடுத்தி மென்மையான பழைய சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, தரையில் விரித்து, சேலைக் கரையிலிருந்தே உருவி எடுத்த நூலால் ஓட்டுத்தையல் போட்டு ஒன்றாக்குவார்கள். ஊசி மேலே வரும், கீழே போகும். இந்தத் தொழிலில் வேறு அசைவு கிடையாது என்றே சொல்லலாம். பூவும் யானையும் குதிரையும் தைத்த பிறகு மிச்சமிருக்கும் வெற்றிடத்தையும் தையல் விடுவதில்லை. வரிசை வரிசையாக நெருங்கிப்போய்த் துணி முழுவதையும் மூடும். நல்ல காந்தாவைத் தொட்டால் குளத்து நீரில் காற்று எழுப்பிய சிற்றலை விரல் நுனியில் தட்டுப்படும்.

இந்த இரண்டையும் அருகருகே வைத்தவுடன் ஒரு கேள்வி எழுகிறது. அறிவியலும் கணிதமும் துணியில் தைப்பவருக்கு எதைத் தருகின்றன? வரைய ஒரு படத்தையா, கட்டுப்பட ஒரு விதியையா? அந்த விதியை அவர் உண்டாக்குகிறாரா, அல்லது அது முன்பே அங்கே இருக்கிறதா? கேட்பதற்குக் கைவினைக் கேள்வி போலத் தெரிந்தாலும் இது உருவம், அருவம் என்று இந்த நாட்டுச் சமயங்கள் நெடுங்காலம் வாதாடிய கேள்விதான். ஹவுராவில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

கந்தைத் துணிக்கும் துறவுக்கும் உள்ள உறவு பழையது. பௌத்த விநயப் பிடகத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. தட்சிணகிரிக்குப் போகும் வழியில் மகத நாட்டு வயல்களைப் புத்தர் பார்க்கிறார். நீள்சதுரப் பாத்திகள், குறுக்கும் நெடுக்கும் வரப்புகள், வரப்புகள் கூடும் சந்திகள். துறவிகளின் ஆடையை இப்படி அமைக்க முடியுமா என்று ஆனந்தரைக் கேட்கிறார். ஆனந்தர் துணியைத் துண்டு துண்டாக வெட்டி அதே அமைப்பில் தைத்துக் காட்டுகிறார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பௌத்தத் துறவிகள் உடுத்திவரும் ஆடையின் அமைப்பு இது. அதில் நெற்கதிரோ உழவனோ மாடோ இல்லை. வயலை எடுத்துக்கொண்டவர்கள் அதன் பிரிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். உலகில் இன்றும் புழக்கத்தில் இருக்கும் ஒட்டுத்துணி அமைப்புகளில், ஒரு நிலக்காட்சியிலிருந்து வடிவியலை மட்டும் பிரித்தெடுத்த மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று.

வங்க வைணவத்தில் காந்தா இன்னும் நேரடியாக வருகிறது. கிருஷ்ணதாச கவிராஜர் எழுதிய ‘சைதன்ய சரிதாம்ருதம்’ நூலில், அரசுப் பதவியை உதறிவிட்டு வந்த சனாதன கோஸ்வாமி விலையுயர்ந்த ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு காசியில் சைதன்யரைச் சந்திக்கிறார். மச்சினர் கொடுத்த கம்பளி அது. சைதன்யர் ஒன்றும் சொல்லவில்லை. கம்பளியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். சனாதனருக்குப் புரிகிறது. கங்கைக் கரைக்குப் போகிறார். அங்கே ஒரு வங்காளி தன் காந்தாவைத் துவைத்துக் காயவைத்திருக்கிறார். கம்பளியைக் கொடுத்துக் காந்தாவை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்.

பீகாரின் சுஜனித் தையலிலும் கந்தைக்கும் சமயத்துக்கும் உள்ள இந்த உறவின் இன்னொரு முகம் உண்டு. பழந்துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த போர்வையில் பிறந்த குழந்தையைச் சுற்றுவார்கள். கந்தைகளுக்கென்றே சிதிரியா மா என்ற தெய்வம் அங்கே இருக்கிறாள். கிழிந்தவை ஒன்றுசேர்ந்து முழுமையாகும் என்பது அந்த வழக்கத்தின் உட்பொருள்.

காந்தா என்றதும் பலருக்கு நினைவு வருவது நக்ஷி காந்தா. நடுவில் தாமரை, நான்கு மூலையிலும் மரம், இடையில் தேர், பல்லக்கு, மீன், பாய்மரப் படகு. கொல்கத்தா ஜோகாவில் உள்ள குருசதய அருங்காட்சியகத்திலும், ஸ்டெல்லா கிராம்ரிஷ் சேகரித்து ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த தொகுப்பிலும் இவற்றின் தலைசிறந்த மாதிரிகள் இருக்கின்றன. உருவம் எதுவும் இல்லாத காந்தா வகைகளும் உண்டு. அவற்றைப் பற்றிக் குறைவாகவே எழுதியிருக்கிறார்கள். அலைகளை அடுக்கினாற்போல் வரும் லோஹரி, அதிலேயே நேர்கோடுகளாலும் முக்கோணங்களாலும் சாய்சதுரங்களாலும் ஆன பிரிவுகள், இழைகளை எண்ணி எண்ணி மட்டுமே போடக்கூடிய பார்-தோலா. இந்தக் கடைசி வகைக்குத் துணியில் முன்கூட்டி எதுவும் வரைவதில்லை. எத்தனை இழை மேலே, எத்தனை இழை கீழே, அடுத்த வரிசையில் எத்தனை இழை தள்ளி என்ற கணக்கு மட்டுமே. ஒரு வரிசையில் எண்ணிக்கை பிசகினால் அடுத்தடுத்த வரிசைகள் எல்லாம் அதைக் காட்டிக்கொடுக்கும்.

நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் 1971-இல் அமெரிக்க ஒட்டுப்போர்வைகளைச் சுவரில் மாட்டி, அவற்றின் அருவ வடிவமைப்பைப் போற்றிய கண்காட்சி பெரும் பேச்சானது. அதற்குப் பிறகே போர்வை ஓவியத்துக்கு நிகரான கலை என்று பலர் ஒப்புக்கொண்டார்கள். அங்கீகாரம் வந்தது நல்லது. ஆனால் வங்கத்துப் பெண்கள் எந்த ஓவிய இயக்கத்தின் பெயரும் அறியாமல், யாருடைய அனுமதியும் கேட்காமல், அதற்கு வெகுகாலம் முன்பே முக்கோணத்தையும் அலையையும் தைத்துக்கொண்டிருந்தார்கள். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த வரலாறு முழுமையாகும்.

ஓட்டுத்தையலில் ஒரு தனிச்சிறப்பு இருக்கிறது. முன்பக்கம் நூல் தெரியும் இடத்தில் பின்பக்கம் வெற்றிடம். முன்பக்கம் வெற்றிடமாக உள்ள இடத்தில் பின்பக்கம் நூல். தையலும் இடைவெளியும் ஒரே நீளத்தில் இருந்தால் பின்பக்கத்து வரிசை முன்பக்கத்து வரிசைதான். ஒரு தையல் அளவு தள்ளியிருக்கும், அவ்வளவே. இருப்பதும் இல்லாததும் ஒரே நூலின் இரண்டு முகங்கள். மேலே ஒன்று, கீழே பூஜ்யம் என்று எழுதிப் பார்த்தால் ஒவ்வொரு வரிசையும் ஓர் எண்சரமாகிவிடுகிறது. போர்வை முழுவதும் அப்படிப்பட்ட சரங்களின் அடுக்கு. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974-இல் நம் வாசல் புள்ளிக்கோலத்துக்கு இதைப் போன்ற ஓர் இலக்கணத்தை எழுதினார்கள். ஒரு சிறிய கோலத்தைப் பெரிதாக்க எந்த விதிகளை எந்த வரிசையில் போட வேண்டும் என்பதைக் கணினிக்குப் புரியும் மொழியில் சொன்ன ஆய்வு அது. கோலம் போட்டவர்கள் அந்த விதிகளை நெடுங்காலமாகக் கையில் வைத்திருந்தார்கள். கணிதம் அவற்றைத் தாளில் எழுதி மற்றவர்களுக்கும் கொடுத்தது.

அறிவியலைப் போர்வையில் கொண்டுவர இரண்டு வழிகள் இருப்பதாகத் தோன்றுகிறது. ஒன்று படத்தை எடுப்பது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த எலன் ஹார்டிங் பேக்கர், 1876 என்று ஆண்டு பொறித்து, சூரிய குடும்பத்தை ஒரு கம்பளிப் போர்வையில் தைத்தார். நடுவில் கதிரவன், சுற்றிக் கோள்களின் பாதைகள், மூலையில் நீண்ட வாலோடு ஒரு வால்நட்சத்திரம். ஊர் ஊராகச் சென்று வானியல் பேசும்போது அதை விரித்துக் காட்டினார். இன்று அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மரியாதைக்குரிய வேலை, ஆனாலும் அதை ஒரு பாடப்படம் என்றுதான் சொல்ல வேண்டும். வானம் அங்கே சொல்லப்படும் பொருளாக இருக்கிறதே தவிர, துணி எப்படி வெட்டப்பட வேண்டும், ஊசி எங்கே போக வேண்டும் என்பதை அது தீர்மானிக்கவில்லை.

மற்றது விதியை எடுப்பது. லாட்வியாவில் பிறந்து அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டைனா டைமினா 1997-இல் குரோஷே ஊசியை எடுத்தார். லோபசெவ்ஸ்கியும் போயாயியும் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்டறிந்த ஹைபர்பாலிக் தளத்தைக் காகிதத்தில் ஒட்டிக் காட்டுவதுண்டு. கை பட்டால் கிழிந்துவிடும். டைமினா ஒரு விதியை வைத்துக்கொண்டார்: இத்தனை கண்ணிக்கு ஒரு கண்ணி கூட்டு, அதை ஒருபோதும் மாற்றாதே. பின்னப் பின்ன விளிம்பு நீண்டு, சுருண்டு, கீரையின் ஓரம் போல நெளிந்தது. அவர் நெளிவை வரையவில்லை. விதி நெளிந்தது.

துணி முக்கோணங்களை வைத்து யார் வேண்டுமானாலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். சமபக்க முக்கோணங்கள் ஆறை ஒரு முனையில் கூட்டித் தைத்தால் தரையில் தட்டையாகக் கிடக்கும். ஐந்தைக் கூட்டினால் கிண்ணம் போல எழும்பும். ஏழைக் கூட்டினால் எவ்வளவு தேய்த்தாலும் தட்டையாகாது, அலையலையாக எழும். மகான் மகராஜ் வாழ்நாளைக் கொடுத்த வடிவியலின் வாசல் அந்த ஏழாவது முக்கோணத்தில் இருக்கிறது. இதே வடிவியலின் பெரும் ஆசானான தர்ஸ்டன் தம் கடைசி ஆண்டுகளில் ஆடைக்கலைக்குக் கைகொடுத்தார். இஸ்ஸே மியாக்கே நிறுவனத்துக்காக டாய் ஃபுஜிவாரா 2010-இல் பாரிசில் காட்டிய ஆடைகள், முப்பரிமாண வெளிகள் எல்லாம் எட்டு அடிப்படை வடிவியல்களால் ஆனவை என்ற தர்ஸ்டனின் கருத்திலிருந்து பிறந்தவை.

விதிக்கு ஒரு கடுமை உண்டு. ஒரே வடிவம் இரண்டு திசைகளில் திரும்பத் திரும்ப வந்து தளத்தை மூடும் அமைப்புகளை அவற்றின் சமச்சீரைக் கொண்டு வகை பிரித்தால் 17 வகைதான் வரும். ரஷ்யரான ஃபியோதரோவ் 1891-இல் இதை நிறுவினார். அவர் வேலையை அறியாமல் ஜார்ஜ் போல்யா 1924-இல் மறுபடியும் நிறுவினார். போல்யா வரைந்த மாதிரிகளை ஓவியர் எஷர் தம் நோட்டில் நகலெடுத்து வைத்துக்கொண்டு படித்தார். லோஹரியின் அலை, ஹவுரா மைதானத்தை ஒட்டிக் கூடும் மங்களா ஹாட் துணிச்சந்தையில் குவியும் அச்சுத் துணி, காஞ்சிபுரத்துக் கட்டம், மொராக்கோவின் சுவர் ஓடு என எதை எடுத்தாலும் இரு திசையில் மீளும் அமைப்பு அந்த 17-க்குள் அடங்கும். பதினெட்டாவதைத் தைக்க யாராலும் ஆகாது, ஆசை எவ்வளவு இருந்தாலும்.

சமய உணர்வுள்ள மனதை இந்த இடம் தொடாமல் போகாது. கை செய்கிற வேலை இது. ஆனால் கைக்கு மீற முடியாத ஒன்று அங்கே இருக்கிறது. அதை எந்த அரசனும் விதிக்கவில்லை, எந்தச் சாத்திரமும் எழுதவில்லை. வங்கத்து ராஜ்ஷாஹியில் லோஹரி தைத்த பெண்ணும், சென் பீட்டர்ஸ்பர்க்கில் படிகங்களை ஆராய்ந்த ஃபியோதரோவும் ஒரே எல்லையை வெவ்வேறு பக்கத்திலிருந்து தொட்டார்கள்.

அப்படியானால் வடிவம் கண்டுபிடிக்கப்படுகிறதா, உண்டாக்கப்படுகிறதா? ராமானுஜன் தமக்குக் கிடைத்தவை நாமகிரித் தாயார் காட்டியவை என்று நம்பினார். கணித உண்மை தனக்கு முன்பே எங்கோ இருக்கிறது, தான் பார்த்தவன் மட்டுமே என்பதன் மிக ஆழமான வடிவம் அந்த நம்பிக்கை. 1920-இல் அவர் இறந்த பிறகு அவருடைய மனைவி ஜானகி அம்மாள் பம்பாயில் சகோதரர் வீட்டில் சில ஆண்டுகள் இருந்து தையல் கற்றுக்கொண்டார். சென்னை திருவல்லிக்கேணிக்குத் திரும்பி, தைத்தும் தையல் சொல்லிக்கொடுத்தும் பல ஆண்டுகள் தம் வாழ்க்கையைத் தாமே நடத்தினார். கணவருக்கு வடிவம் அருளப்பட்டது. மனைவிக்கோ ஒவ்வொரு துணியும் அளந்து, வெட்டி, மூட்டிச் செய்ய வேண்டியதாக இருந்தது. தத்துவ வாதத்தின் இரு கட்சிகளும் ஒரே குடும்பத்தில் இருந்ததைப் போலத் தோன்றுகிறது. இதில் எது உயர்வு என்று கேட்பதே தவறு என்பது இக்கட்டுரையின் நிலை. விதி முன்பே இருக்கலாம். 17 என்ற எண்ணை ஒருவரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் எந்தச் சேலையை எடுத்து, எந்த விதியை, எந்த நிறத்தில், எந்தக் குழந்தைக்காகத் தைப்பது என்பது முன்பே எங்கும் இருக்கவில்லை.

உருவமா அருவமா என்ற சண்டை 19-ஆம் நூற்றாண்டு வங்கத்தில் உச்சத்துக்குப் போனது. ராம்மோகன் ராய் 1828-இல் தொடங்கிய பிரம்ம சபையின் வழிவந்தவர்கள் உருவ வழிபாட்டை மறுத்தார்கள். பேலூருக்கு எதிர்க்கரையில் தட்சிணேசுவரத்தில் காளியைப் பூசித்த ராமகிருஷ்ணரைப் பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சென் 1875-இல் சந்தித்தார். ராமகிருஷ்ணர் இரண்டையும் விடவில்லை. அருவம் கரையற்ற நீர். பக்தியின் குளிரில் ஆங்காங்கே உறையும் பனிக்கட்டி உருவம் என்று அவர் சொல்லிவந்தது ஊரறிந்தது. அவர் பெயரில் பேலூரில் எழுந்த கோயில் 1938 ஜனவரி 14-இல் திறக்கப்பட்டது. விவேகானந்தரின் எண்ணத்துக்கு வரைபடம் தந்தவர் சுவாமி விஞ்ஞானானந்தர். துறவுக்கு முன் கட்டடப் பொறியாளராக இருந்தவர், ‘சூரிய சித்தாந்தம்’ என்ற வானியல் நூலை வங்க மொழியில் மொழிபெயர்த்தவர். அந்தக் கோயிலில் தென்னாட்டுக் கோபுரத்தின் சாயல், பௌத்த முகப்பின் வளைவு, ராஜபுத்திர, முகலாய மாடங்கள், சிலுவையை நினைவூட்டும் தரையமைப்பு எல்லாம் சேர்ந்திருக்கின்றன. பல வழிபாட்டிடங்களின் துண்டுகளை ஒருவர் கணக்குப் பார்த்து மூட்டிய ஒட்டுவேலை என்றே அதைப் பார்க்கலாம். மூட்டுவாய் தெரிகிறது. தெரிந்தாலும் அழகாக இருக்கிறது.

அருவக் கலையை அருவக் கடவுளோடு சேர்த்துப் பேசுவது பலருக்கு வழக்கம். அதில் ஒரு குழப்பம் ஒளிந்திருக்கிறது. தாமரையும் யானையும் இல்லாத போர்வை உருவமற்றதாகிவிடுமா? மாறாக, அங்கேதான் வடிவம் மிகக் கறாராக இருக்கிறது. யானையின் துதிக்கை சற்று நீண்டால் யானை யானைதான். பார்-தோலாவில் ஓர் இழை தவறினால் அமைப்பே குலையும். படம் போய்விட்டது; ஒழுங்கு போகவில்லை. இதைச் சொல்ல வேதாந்தத்தின் இரட்டைப் பிரிவு போதவில்லை. சைவ சித்தாந்தம் மூன்றாக வகுத்திருக்கிறது: உருவம், அருவம், இரண்டுக்கும் இடையே அருவுருவம். கையும் காலும் முகமும் இல்லாத, ஆனால் கண்ணுக்குப் புலப்படும் இலிங்கத் திருமேனி அருவுருவம். தில்லையில் கூத்தப்பிரான் உருவமாகவும், படிக இலிங்கம் அருவுருவமாகவும், திரை விலக்கினால் தெரியும் வெளி அருவமாகவும் மூன்றும் ஒரே சந்நிதியில் இருக்கின்றன.

கணிதம் நிற்கும் இடம் அந்த நடுவிடம். முக்கோணத்துக்கு மேனி இல்லை, ஆனால் இலக்கணம் இருக்கிறது. வட்டம் யாருடைய முகமும் அல்ல. எனினும் வட்டமல்லாததை உடனே காட்டிவிடும். லோஹரி தைக்கும் பெண், தாமரை தைக்கும் பெண்ணைவிடக் கடவுளுக்கு நெருங்கியவள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். இருவரும் தைப்பது ஒரே துணியில். ஆனால் எண்ணையும் சமச்சீரையும் நம்பித் தைப்பவர், ‘நான் ஒன்றையும் சித்திரிக்கவில்லை, எனக்கு ஆன்மிகம் எதற்கு’ என்று சொல்லிவிட முடியாது. எண்ணுவதும் ஒரு வழிபாட்டு முறை என்பது செபமாலை உருட்டுபவருக்குத் தெரியும்.

அமெரிக்கப் போர்வைக்காரர்களிடையே ஒரு கதை உலவுகிறது: நிறைவு கடவுளுக்கு மட்டுமே உரியது என்பதால் பக்தியுள்ள பெண்கள் வேண்டுமென்றே ஒரு கட்டத்தைத் தவறாகத் தைப்பார்களாம். போர்வை வரலாற்றை ஆராய்ந்தவர்கள் இதற்குப் பழைய சான்று இல்லை என்கிறார்கள். சான்று இல்லாமல் போனது நல்லதென்றே படுகிறது. கையால் தைக்கும் எவருக்கும் பிழையைத் தேடிப் போகும் தேவை இருப்பதில்லை, அது தானே வரும். பிழையில்லாமல் தைக்க முயன்று தோற்பதில் இருக்கிற பணிவு, திட்டமிட்டுச் செய்த பிழையில் இருக்காது.

காந்தாவுக்குப் புத்துயிர் கிடைத்த கதையிலும் கணிதம் எட்டிப் பார்க்கிறது. சாந்திநிகேதனில் பிரதிமா தேவி போன்றவர்கள் அதைப் பேணினார்கள். 1980-களில் கொல்கத்தாவில் ஷாம்லு துதேஜா கிராமத்துப் பெண்களைத் திரட்டிச் சேலைகளில் காந்தாத் தையலைப் பரவலாக்கினார். அவர் கணித ஆசிரியை, கணிதப் பாடநூல்கள் எழுதியவர். அந்த முயற்சியால் பல குடும்பங்களில் பெண்ணின் கையில் காசு புரண்டது. அதைச் சிறிதாக நினைக்கக் கூடாது. ஆனால் சந்தை ஒன்றை மாற்றிவிட்டது. இப்போது பெரும்பாலும் புதுப்பட்டில், வேறு யாரோ வரைந்து அச்சுப் பதித்துக் கொடுத்த கோட்டின்மேல் ஊசி ஓடுகிறது. எண்ணித் தைப்பவர் தம் தலையில் வைத்திருந்த விதி வடிவமைப்பாளரின் மேசைக்குப் போய்விட்டது. கூலி துண்டுக்கு இவ்வளவு என்று ஆனபின் எண்ணிப் பார்க்க நேரம் ஏது? அறிவியலிலிருந்து புது வடிவங்களைத் தேடுபவர்கள் வடிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மட்டும் போதாது. விதியைக் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும், அதைப் புரட்டிப் பார்க்கவும் மாற்றவும் தைப்பவருக்கு நேரமும் கூலியும் தர வேண்டும். இல்லையென்றால் தாமரை இருந்த இடத்தில் சமன்பாடு வந்ததைத் தவிர வேறொன்றும் நடந்திருக்காது.

ஹவுராவில் அப்படிப்பட்ட விதிகளுக்குப் பஞ்சமில்லை. 1943-இல் திறந்த ஹவுரா பாலம் 26,500 டன் எஃகு முக்கோணங்களின் அடுக்கு; நட்டும் போல்ட்டும் இல்லாமல் முழுக்க ரிவெட் அடித்து மூட்டியது. சிவ்பூரில், 1787-இல் ராபர்ட் கிட் தொடங்கி இன்று ஜகதீஷ் சந்திர போஸ் பெயர் தாங்கி நிற்கும் தாவரவியல் தோட்டத்தில் பெரிய ஆலமரம் இருக்கிறது. 1864, 1867 ஆண்டுகளின் புயல்களில் அடிபட்டு, பூஞ்சை பிடித்து, அதன் தாய்மரத் தண்டை 1925-இல் வெட்டி எடுத்துவிட்டார்கள். அதன் பிறகும் ஆயிரக்கணக்கான விழுதுகளின்மேல் மரம் பரவிக்கொண்டே இருக்கிறது. நடுவில் தாமரையை வைத்துத் தொடங்கும் மரபுக்கு இது ஒரு நேரடிச் சவால். மையம் இல்லாமல், ஒவ்வொரு விழுதும் அடுத்ததைத் தாங்கிக்கொண்டு, எல்லா விளிம்பிலும் ஒரே சமயத்தில் வளரும் ஒரு காந்தா எப்படி இருக்கும்? மரத்தின் படம் அதில் இருக்க வேண்டிய அவசியமில்லை. ‘மையம் வேண்டாம், விளிம்பில் ஊன்று’ என்ற விதி போதும்.

இன்னொரு விதி மிகப் புதியது. ஒரே வடிவத்து ஓடு, தளத்தை இடைவெளியில்லாமல் மூட வேண்டும், ஆனால் அந்த அமைப்பு ஒருபோதும் அப்படியே மீளக் கூடாது. அப்படி ஓர் ஓடு இருக்கிறதா என்று பல பத்தாண்டுகள் தேடினார்கள். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் வாழும் டேவிட் ஸ்மித், அச்சுத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர், அட்டையில் வடிவங்களை வெட்டி அடுக்கிப் பார்த்தபோது 2022-இல் அதைக் கண்டார். 13 பக்கங்கள் கொண்ட அந்த ‘தொப்பி’ ஓட்டுக்கான நிரூபணத்தை மூன்று ஆய்வாளர்களோடு சேர்ந்து 2023 மார்ச்சில் வெளியிட்டார். மேலே சொன்ன 17-இல் இது சேராது, ஏனென்றால் இது மீள்வதே இல்லை. போர்வை தைப்பவர்கள் உடனே கத்தரியை எடுத்தார்கள். அப்போது ஒரு சிக்கல் தெரிந்தது. தொப்பி தளத்தை மூட அதன் கண்ணாடிப் பிம்பமும் இடையிடையே வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அச்சான துணியில் துண்டைத் திருப்பிப் போட்டால் மங்கிய பக்கம் மேலே வரும். ஆகவே சில துண்டுகளைத் தனியே எதிர்த்திசையில் வெட்ட வேண்டும். சில வாரங்களில் அதே குழு பிம்பமே தேவைப்படாத ‘ஸ்பெக்டர்’ என்ற ஓட்டை வெளியிட்டது.

அந்த ஸ்பெக்டரைக் காந்தாவில் ஓட்டுத்தையலால் தைத்தால் என்ன ஆகும் என்பது யோசிக்கத் தக்கது. முன்பக்கத்தில் எல்லா ஓடுகளும் ஒரே கைப்பக்கம் திரும்பியிருக்கும். வலக்கை என்று வைத்துக்கொள்வோம். துணியைப் புரட்டினால் அதே நூல், அதே ஊசித்துளைகள், ஆனால் ஓடுகள் எல்லாம் இடக்கையாகிவிடும். நூல் இருந்த இடம் வெற்றிடமாகவும் வெற்றிடம் நூலாகவும் மாறியிருக்கும். இரண்டு பக்கமும் விதிக்கு முழுக்கக் கட்டுப்பட்டவை. எவ்வளவு நகர்த்தினாலும் சுழற்றினாலும் ஒன்று மற்றதன்மேல் பொருந்தாது. பார்-தோலாவில் இழை எண்ணிப் பழகியவருக்கு இதைத் தைக்க ஸ்பெக்டரின் பக்க நீளங்களும் கோணங்களும் ஓடுகளை அடுக்கும் விதியும் தெரிந்தால் போதும். மீதி அவருடைய விரல்கள் அறிந்த கணக்கு. பேலூரின் கணித வகுப்புக்கும் அதே ஹவுரா மாவட்டத்து டோம்ஜூரின் தையல் வீடுகளுக்கும் இடையே இருப்பது சில கிலோமீட்டர்தான். அந்த அளவுகளையும் விதியையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போக ஒருவர் வேண்டும்.